பிடோக் கடல் காற்று

தங்கராஜு கைகளில் இன்னொரு முறை அத்தரைத் தடவிக்கொண்டு முகர்ந்து பார்த்தார். போதாது என்று தோன்றியது. மீசையிலும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

"இதுக்கு மேல பூசினா மாப்பிள்ளை ஊர்வலம்னு சனம் கூடிரும் தம்பி," என்றார் விடுதிக்காரர் நெய்னா முகம்மது.

பிடோக் கடற்கரையில், தென்னைகளுக்கு நடுவே இருந்தது அந்த விடுதி. அலைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. சனிக்கிழமை மதியம் வந்து திங்கள் காலையில் கிளம்பினால், சாப்பாட்டோடு சேர்த்து வாடகை ஒரே ஒரு வெள்ளிப் பணம்தான். வாசலிலேயே வலை போட்டுச் சமையலை முடித்துக்கொள்வதால் நெய்னாவுக்கும் அது கட்டுப்படியானது.

தங்கராஜு சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அவர் பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தபோது, மனைவி பாக்கியலட்சுமி டேங்க் ரோட்டுக் கோயில் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். தன் தாலி தங்கினால், தைப்பூசத்தில் காவடி எடுத்து இறக்கும்வரை புருஷன் மீனைத் தொடமாட்டார் என்று. முருகன் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டார்.

வேண்டிக்கொண்டது அவள், வாயைக் கட்டியது இவர். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கத்தரிக்காயை விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருப்பார். நினைவில்லாமல் கிடந்ததால் பேரம் பேச முடியவில்லை.

"மீனு உங்க வாயில பட்டுச்சுன்னு தெரிஞ்சுது, முருகன் என் தாலியைத் திருப்பிக் கேக்கறதைப் பாத்துக்கிட்டு இருக்கமாட்டேன், அடுத்த கப்பல்லயே நாகப்பட்டினம் போயிருவேன்," என்றும் அவள் சொல்லி வைத்திருந்தாள். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே தங்கராஜுவின் வயிற்றில் சோறு இறங்காது. ஆனால் அதே வயிறுதான் கொடுவா மீனையும் நினைத்து ஏங்கியது.

உடம்பு தேறக் கடல் காற்று வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு, கேலாங் வரை டிராமிலும் அதற்கப்புறம் மாட்டு வண்டியிலுமாக வாரா வாரம் இங்கே வந்து காற்று வாங்கினார். நெய்னாவின் மனைவி கதீஜா வைக்கும் குழம்புக்கு முன்னால் விரதமாவது ஒன்றாவது. தின்று முடித்ததும் சாம்பலும் எலுமிச்சையும் போட்டுக் கையைத் தேய்த்து, கடைசியாக நெய்னாவின் அத்தரைப் பூசிக்கொள்வது வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசிய கை காய்வதற்குள் வாசலில் மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. தூக்குவாளியோடு இறங்கியவள் பாக்கியலட்சுமி. நெய்னா மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு புழக்கடைப் பக்கம் மறைந்தார்.

"காத்து வாங்கினா கன்னம் உப்புமா? அதான் என்ன ஏதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள்.

அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பானை மூடியைத் திறந்து பார்த்தாள். சன்னலுக்கு வெளியே வாயை நக்கிக்கொண்டிருந்த பூனையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நேராக வந்து, அவருடைய வலது கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

அத்தர் குப்பென்று அடித்தது. பாக்கியலட்சுமி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டாள். கையை மெதுவாக விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ரசம் கொண்டு வந்திருக்கிறேன், சாப்பிடுகிறீர்களா என்று சாந்தமாகக் கேட்டாள்.

அந்தச் சாந்தம்தான் தங்கராஜுவைக் கதிகலங்க வைத்தது. கத்தினால் சமாளிக்கலாம், ரசம் ஊற்றுகிறவளை என்ன செய்வது? ஊருக்கு ஒதுக்குப்புறமான விடுதி, புருஷன் மீசை வரைக்கும் அத்தர். இதைப் பார்த்து ஒரு பெண்டாட்டி என்ன நினைப்பாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவசரமாகக் கணக்குப் போட்டார். மீன் விஷயம் முருகனோடு போகிறது, காவடியில் கூட ரெண்டு அலகு குத்திக்கொண்டால் தீர்ந்தது. பெண் விஷயம் அப்படியா? கப்பல் என்ன, அவள் கடலில் இறங்கி நடந்தே போய்விடுவாள்.

"பாக்கியம், நீ நெனைக்கிற மாதிரி பொம்பளை யாரும் இல்ல. மீன்தான் தின்னேன். வாடை தெரியக்கூடாதுன்னுதான் இந்த அத்தர்," என்று அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் நம்பாதவளைப் போல வெறித்துப் பார்த்தாள். உடனே தங்கராஜு நெய்னாவைக் கூப்பிட்டுச் சட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அடியில் இன்னும் இரண்டு துண்டு கிடந்தது. தம்பி வாரம் தவறாமல் தின்றது மீன் மட்டும்தான், வேறு ஈ காக்காய் கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று நெய்னாவும் சத்தியம் செய்தார். தங்கராஜுவுக்குக் காய்ச்சல் விட்ட அன்றைக்குக்கூட உடம்பு இவ்வளவு லேசாக இருந்ததில்லை.

பாக்கியலட்சுமி எழுந்தாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, நாகப்பட்டினம் கப்பல் என்றைக்கு என்று நெய்னாவிடம் கேட்டாள்.

தங்கராஜுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அதான் பொம்பளை இல்லன்னு நிரூபிச்சுட்டேனே," என்றார்.

"அத்தர் வாசம் வந்ததும், அப்பாடா, பொம்பளைதான்னு நிம்மதியா இருந்தேன்."