பர்மிட் கார்

"ஓட்டு அன்னைக்கு ஊருக்குள்ள ஒரு டாக்சி ஓடாது. வேட்பாளருக்குப் பர்மிட் குடுத்த காரு மட்டுந்தான். அதுல ஒரு நாளாவது ராஜா மாதிரி சுத்தணும். அதுக்குத்தாம்லே காசிராஜன் எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் நிக்கான்!"

டாக்சி ஸ்டாண்டில் யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. அச்சாபீஸ் படியேறிக்கொண்டிருந்த ஞானபூரணத்தின் காதில் அது விழுந்தது.

சரித்திரத்தில் பி.ஏ. முடித்தவள். தேர்தல் நேரத்தில் விற்பதற்காக அச்சாபீஸ்காரர் ஏசுவடியான் 'சங்கரன்கோவில் தொகுதி தேர்தல் வரலாறு' என்று ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார். எழுதுவது அவள். ஜெயித்தவர், அடுத்து வந்தவர், வாங்கிய ஓட்டு. மிச்சப் பேரெல்லாம் 'மற்றவர்கள்' என்று ஒரே வரியில்.

அந்த மற்றவர்களில் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். வாடகை சைக்கிள் கடை காசிராஜன். கையில் வேட்புமனு.

"அண்ணாச்சி, இன்னைக்குத்தான் கடைசி நாள். மூணு மணிக்குள்ள தாக்கல் பண்ணணும். முன்மொழிய ஒரு கையெழுத்து வேணும்."

"வழக்கமா போடுத சங்கரசுப்பு எங்க?"

"மக வீட்டுக்குத் தூத்துக்குடி போயிட்டான். காலையிலருந்து எட்டு பேரைப் பாத்தாச்சு. சிரிக்காவளே தவிர, பேனாவைத் தொட மாட்டேங்காவ."

ஏசுவடியானும் சிரித்தார்.

"வே, நீரு மூணு தடவ வாங்கின ஓட்டை மொத்தமாச் சேத்தாலும் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துல ஒரு மூலைக்குக் காணாது. ஓட்டு கேட்டு ஒரு தெருவுக்காவது போனீரா? ஒரு நோட்டீஸ் அடிச்சீரா? ஓட்டு அன்னைக்கு மட்டும் காரு!"

காசிராஜன் வேட்புமனுவின் ஓரத்தை நீவிவிட்டார்.

"இங்கன ரெண்டு கட்சி போஸ்டரும் ஓடுது. உமக்குக் கையெழுத்துப் போட்டா ரெண்டு பேருமே மூஞ்சியத் திருப்பிக்கிடுவான். போயி கடையைப் பாரும்."

காசிராஜன் எழுந்தார். ஞானபூரணம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நீங்க வாங்கின ஓட்டு விவரம் சரியாக் கிடைக்கல. உங்ககிட்ட இருக்குமா?"

"புஸ்தகத்துல போடப் போறியா தாயி?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. கக்கத்திலிருந்த மஞ்சள் பையை நீட்டினார். "எல்லாம் இதுக்குள்ள கிடக்கும். எழுதிட்டு வை. இன்னும் ரெண்டு பேரைப் பாத்துட்டு வந்து வாங்கிக்கிடுதேன்."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"அந்த ஆளுக்கெல்லாம் தனி வரி குடுக்காத, மக்கா. மற்றவர்கள்னு போட்டுத் தள்ளு" என்று சொல்லிவிட்டு ஏசுவடியான் மெஷினை ஓட்டினார்.

பைக்குள் ஓட்டு எண்ணிக்கை எழுதிய சீட்டுகள் இருந்தன. கூடவே கார் பர்மிட்டுகள் மூன்று. எழுபத்தேழு, எண்பது, எண்பத்துநாலு.

ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பென்சில் எழுத்து. மற்ற இரண்டையும் அவசரமாகத் திருப்பினாள்.

மணி இரண்டரை.

மெஷின் ஓடும்போது ஏசுவடியானைக் கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும். அவள் கூப்பிடவில்லை. மூன்று பர்மிட்டையும் கொண்டுபோய், அவர் எடுத்து எடுத்து வைக்கும் காகிதக் கட்டின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

"இது என்னட்டி?"

மெஷின் நின்றது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

'வீரசிகாமணி கிராமம். பிரசவம். காலை 9 மணி. பெண் குழந்தை.'

'குருக்கள்பட்டி. பாம்புக்கடி. பிழைச்சாச்சு.'

'கரிவலம். பிரசவம். ரயில்வே கேட்டில் கால் மணி நேரம் போச்சு. ஆண் குழந்தை. சுகம்.'

ஒவ்வொரு பர்மிட்டிலும் இப்படி நாலைந்து வரி. எழுபத்தேழாம் வருஷத்துப் பர்மிட்டின் அடியில் மட்டும் கூடுதலாக ஒரு வரி:

'எழுபத்தொண்ணுல, ஓட்டு அன்னைக்கு, தங்கச்சிக்கு ஒரு கார் கிடைக்கல.'

ஏசுவடியான் அந்த வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. காசிராஜன் இறங்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தார். வேட்புமனு நாலாக மடிந்து சட்டைப் பைக்குள் இருந்தது.

"தாயி, அந்தப் பையைக் குடு. போய்க் கடையத் திறக்கணும்."

"கடை கிடக்கட்டும். அந்த மனுவை எடும்வே" என்றபடி ஏசுவடியான் வெளியே வந்தார்.

ஞானபூரணம் பேனாவை நீட்டினாள். காசிராஜன் இறங்க, சைக்கிள் சீட்டின் மேலேயே வைத்து ஏசுவடியான் கையெழுத்துப் போட்டார். அவர் விரலிலிருந்த அச்சு மை மனுவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"மணி என்ன, மக்கா?"

"மூணாகப் பத்து நிமிஷம் இருக்கு, அண்ணாச்சி."

தாலுகா ஆபீசுக்கு டாக்சி ஸ்டாண்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஏசுவடியான் வேட்டியை மடித்துக் கட்டினார். "ம், மிதியும்" என்று சொல்லி, காசிராஜனின் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.