ஒரே சீருடை

ஏழைப் பிள்ளைகளுக்கென்று வந்த சிறப்பு நிதியில் பள்ளி வாங்கிய வாஷிங் மெஷின், கரண்ட் போய்ப் பாதியில் நிற்கிறது. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நுரையில் கிடக்கிறது மகளின் ஒரே சீருடை. வீட்டுக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லையென்று அம்மா காலையில் கொண்டுவந்து போட்டது. "தொறந்து தொலையேன்!" என்று அம்மா மெஷின் கதவை உலுக்குகிறாள்; பூட்டு அசையவில்லை. அம்மாவின் தொளதொள நைட்டிக்குள் ஒடுங்கி நிற்கிறாள் மகள். பரீட்சை மணி அடிக்கிறது. "நைட்டின்னா என்ன, இப்படியே வந்து எழுதும்மா," என்று கெஞ்சுகிறார் டீச்சர். "எல்லாரும் சிரிப்பாங்க. செத்தாலும் வரமாட்டேன் டீச்சர்." வராந்தாவில் காலடிச் சத்தங்கள் ஓய்கின்றன. சட்டென்று விளக்கு எரிகிறது. மெஷின் உறுமுகிறது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கிறார்கள். உள்ளே, முதலிலிருந்து தண்ணீர் நிரம்பத் தொடங்குகிறது.