தலைவரின் வாலுக்கு நன்றி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. ஊருக்கு உழைக்கிற பிராணிகள் ஒரு சங்கம் வைத்திருந்தன. பொதி சுமக்கும் கழுதை தலைவர். குப்பை பொறுக்கும் காக்கை செயலாளர். காவல் நாய் உறுப்பினர்.

கூட்டம் நடக்கையில், மழைத்தண்ணீர் ஏறும் குழிக்குள் ஒரு பூனைக்குட்டி விழுந்து கத்தியது.

"ஓடிப் பார்க்கட்டுமா தலைவரே?" என்று நாய் எழுந்தது.

"உட்காருப்பா. மூணு பேர் இருந்தாத்தான் கூட்டம் செல்லும். தீர்மானம் போட்டுட்டுப் போகலாம்," என்றது கழுதை. தலைவராகி ஒரு வாரம்தான். சட்டம் பேசும்போது தன் குரல் தனக்கே இனித்தது.

காக்கை தலையைச் சாய்த்தது. "அப்ப மூணு பேருமாக் குழியோரம் போய்க் கூடுவோம். தலைவர் எங்களைப் பார்த்து உட்காரட்டும், குழி முதுகுப்பக்கம் இருக்கட்டும்."

மரியாதை கிடைத்த பூரிப்பில் கழுதை வாலைக் குழிக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்து, குட்டியைக் காப்பாற்றும் விதிகளை விளக்க ஆரம்பித்தது. வாலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. வலியிலும் பேச்சை விடவில்லை. முடித்துத் திரும்பினால், முதுகில் நனைந்த குட்டி.

"இவ்வளவு நேரம் பேசினது நான், வேலை பார்த்தது பின்னாடி தொங்கினதா!" கழுதைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காக்கை உடனே தலைவரின் வாலுக்கு நன்றி சொல்லும் தீர்மானத்தை முன்மொழிந்தது.