விளாமரத்திடம் கெஞ்சுகிறவர்

பக்கத்து ஆசிரமத்து உக்ரதபர் தன் மனைவி சுவேதையை விளாமரமாகச் சபித்து இன்றோடு பதினோரு நாள். சந்தியாவந்தனத்துக்குத் தண்ணீர் தாமதமாக வந்ததாம், அதற்குப் போய்! மற்ற முனிவர்கள் சபித்ததும் கொஞ்சம் பொறுப்பார்கள். சபிக்கப்பட்டவர் காலில் விழுந்து கேட்டால்தான் விமோசனம் சொல்ல முடியும், கேட்காமல் சொன்னால் பலிக்காது. இவருக்கு அந்த நிதானமும் இல்லை. சுவேதை வாய் திறப்பதற்குள் வேர் விட்டுவிட்டாள். இப்போது மரத்தைக் கட்டிக்கொண்டு, "ஒரே ஒரு வார்த்தை கேளேண்டி" என்று அழுகிறார். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

"என்ன சுவாமி, அம்மா இன்னும் பேசலையா?"

"அவளுக்காக வேற யாராவது கேக்கலாம்மா. ஆனா அன்னைக்கு அவ ஏன் தாமதமானான்னு உள்ளதைச் சொல்லிட்டுக் கேக்கணும். உனக்கு ஏதாவது தெரியுமா?"

அன்று "போகணும்க்கா, அவர் காத்திருப்பார்" என்று ஆற்றங்கரையில் குடத்தோடு தவித்தவளைக் கையைப் பிடித்து நிறுத்தி, எல்லா ஆசிரமத்துக் கதையையும் சொல்லி முடித்தவள் நான்தான். உக்ரதபரின் கமண்டலத்தில் இன்னொரு சாபத்துக்கும் தண்ணீர் நிறைய இருந்தது.

"எனக்கெப்படி சுவாமி தெரியும்?" என்றேன், மரத்தின் பக்கம் திரும்பாமல்.