ஆறு நிமிஷ நடை

"ஏலே கர்ணா! பெத்த அப்பனை இப்படியாடா பாடாப் படுத்துவ? மூச்சு எப்படி வாங்குது பாரு மனுசனுக்கு!"

பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளின் இந்த அர்ச்சனை இல்லாமல் பண்ணைப்புரத்தில் கர்ணனுக்குப் பொழுது விடிவதில்லை.

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடம் தள்ளும் வண்டியில் ஆக்ஸிஜன் சிலிண்டரை வைத்துத் தள்ளிக்கொண்டு, செல்போனில் நேரம் பார்த்தபடி கத்தினான்.

"இன்னும் ஒரு கரண்டுக் கம்பம்தாம்ப்பா. வந்துரு, வந்துரு!"

மூக்கில் குழாயோடு சின்னக்கருப்பு தள்ளாடி நடந்தார். முப்பது வருஷம் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடித்தவர். நுரையீரல் இரண்டும் சுருங்கிப்போய்விட்டன. வேறு நுரையீரல் வைத்தால்தான் பிழைப்பார் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் நுரையீரல் மாற்று சிகிச்சை ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஐந்து பேருக்குச் செய்து, நான்கு பேர் நன்றாக இருந்தார்கள். காத்திருந்தவர்களோ இருபது பேர்.

"வரிசையில சேக்குறதுக்கு ஆறு நிமிஷம் நடக்க வச்சுப் பாப்போம். அதுவரைக்கும் உடம்பைத் தெம்பா வச்சுக்கங்க" என்று டாக்டர் விஜயகுமார் சொன்னதுதான் தாமதம், கர்ணனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான், பாவம்.

அவன் இரண்டு தடவை போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடித் தோற்றவன். கிரவுண்டில் விசில் ஊதி, நேரம் குறித்து, பிந்தினவனை வெளியே அனுப்புவதைப் பார்த்தவன். ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும் வேறு எதற்காக நடக்க விடப்போகிறார்கள்?

"தேறலைன்னா கழிச்சுக் கட்டிருவாகப்பா. ஒன்னைய நான் பாஸ் பண்ண வைக்கிறேன் பாரு."

மூன்று மாதம், ஒரு நாள் விடாமல் பயிற்சி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், காலைச் சவாரியை எல்லாம் விட்டுவிட்டு அப்பாவோடு நடந்தான்.

அந்த நாளும் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவின் மறுகோடியில் கர்ணன் நின்றான். இந்தப் பக்கம் நர்ஸ் ஜெபஷீலா கடிகாரத்தோடு நின்றாள். சின்னக்கருப்பு நடந்தார். உதடு நீலமாகிவிட்டது. அப்படியும் நிற்கவில்லை.

"விடாதப்பா! அம்புட்டுத்தான், வந்துரு!" கர்ணன் கை தட்டிக்கொண்டே இருந்தான்.

முந்நூற்று எண்பது மீட்டர்.

கர்ணன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டான். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பிச்சையம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றான். "பாத்தியா சித்தி, எங்கப்பா பாஸாயிட்டாரு!"

"இதுக்குத்தானாடா நடக்க விட்ட? இது தெரியாம ஒன்னைய ஏசிட்டேனே, என் வாயில மண்ணு!" என்றாள் அவள்.

அதிலிருந்து ஐந்தாம் மாதம் போன் வந்தது. நுரையீரல் கிடைத்திருக்கிறது, உடனே வாருங்கள். ஆட்டோவில் அப்பாவை ஏற்றிக்கொண்டு பறந்தான் கர்ணன். அங்கே போனால், ஆண்டிபட்டியிலிருந்து கயல் என்ற தறி நெய்யும் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தார்கள். ரத்த வகையும் அளவும் இருவருக்குமே பொருந்தின.

டாக்டர் கர்ணனைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணால எண்பது மீட்டர்கூட நடக்க முடியல. உங்கப்பா முந்நூத்தி எண்பது நடந்தவரு. அவரு கொஞ்சம் தாங்குவாரு தம்பி. அடுத்தது அவருக்குத்தான்."

கர்ணன் போய் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னான். சின்னக்கருப்பு அவன் தோளைத் தட்டினார். "விடுறா, சின்ன வயசுப் பிள்ள. நல்லாருக்கட்டும்."

அடுத்தது வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த சிலிண்டரைத் திருப்பித் தர கர்ணன் வந்தான். பரிசோதனைக்கு வந்திருந்த கயல், மூக்கில் குழாய் எதுவும் இல்லாமல் வராந்தாவில் நடந்து போனாள். அவனுக்குத் தாங்கவில்லை. நேராக ஜெபஷீலாவிடம் போனான்.

"அந்தப் பொண்ணு நூறு வருசம் இருக்கட்டும் சிஸ்டர், நான் வேணாங்கல. ஆனா கொறைச்சு நடந்தவகளுக்குத்தான் மொதல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா, எங்கப்பன ஒக்கார வச்சிருப்பேனே! நானே நடக்க விட்டு நானே கொன்னுட்டேனே!"

ஜெபஷீலா தலைகுனிந்தாள். "சொல்லாதது என் தப்புதான் தம்பி. உங்க மேல ஒண்ணும் இல்ல. என்னை மன்னிச்சிருங்க."

"மன்னிப்புக் கேட்டா எங்கப்பா எந்திரிச்சு வந்துருவாரா?"

சிலிண்டரை டங்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டான். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒருவர் 'உச்' கொட்டினார்.

சத்தம் கேட்டு டாக்டர் விஜயகுமார் வெளியே வந்தார். "நடக்க விடுறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் எடுத்துச் சொல்றவங்களாச்சே நீங்க! அந்தப் பெரியவர்கிட்ட மட்டும் எப்படி விட்டுப்போச்சு?"

"விட்டுப்போகல சார். இது பரீட்சை இல்ல, முடியலன்னா நின்னுருங்க, முடியாதவங்களுக்குத்தான் முதல்ல பாப்பாங்கன்னு அவர்கிட்ட தெளிவாவே சொன்னேன்."

"அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"தம் பிடிச்சு நடக்குறாருன்னு எனக்குத் தெரிஞ்சுது சார். அதை உங்ககிட்ட சொல்லாம, நம்பரை மட்டும் எழுதிக் குடுத்துட்டேன். பாதித் தப்பு என்னுதுதான். மீதியையும் நானே வச்சுக்கறேன். அந்தப் பையனுக்கு அது தெரியவே வேண்டாம்."

"எது?"

ஜெபஷீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லி முடிச்சதும் பெரியவர் சிரிச்சாரு சார். 'வெளங்குச்சு ஆத்தா. ஆனா அங்கன பாரு, எம் மகன் எம்புட்டு ஆசையா நிக்கிறான். நான் பாதியில நின்னா அவன் ஒடைஞ்சு போயிருவான்'னு சொல்லிட்டுத்தான் நடக்கவே ஆரம்பிச்சாரு."