திரையில் ஒரு பெயர்

சர்வர் அறையில் அலாரம் அலறியது. மருந்துக் கிடங்கின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. வாசலில் லாரிகள் காத்திருக்க, மேனேஜர் இன்ஜினியருக்குப் போன் போட்டுக் கத்தினார்.

“எங்கய்யா இருக்க?”

“வீட்லதான் சார்.”

“இங்க என் மானம் போகுது, நீ வீட்ல ஜாலியா இருக்கியா? சர்வர்ல என்ன பண்ணித் தொலைச்ச?”

“ஹிஸ்டரி கமாண்ட் அடிங்க சார். எந்த சாஃப்ட்வேரை யார், எப்பப் போட்டாங்க, எப்ப எடுத்தாங்கன்னு காட்டும்.”

அடித்தார். திரையைப் படித்ததும் கொதித்தார்.

“இன்னிக்குக் காலையில டேட்டாபேஸ் சாஃப்ட்வேரையே தூக்கியிருக்க. உன் பேரு பல்லைக் காட்டுது. போலீஸ்ல புடிச்சுக் குடுக்கறேன் பாரு.”

“தாராளமா குடுங்க சார். நேத்து என்னை வேலையை விட்டுத் துரத்தினப்போ, இனிமே நானே பார்த்துக்கறேன்னு என் லாகினைப் புடுங்கி, பாஸ்வேர்டை மாத்திக்கிட்டது நீங்கதானே?”