காற்று திரும்பும் நேரம்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறை வாசலில், கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகளுக்கு நடுவே நின்று கைடு கோதண்டபாணி இங்கிலீஷில் பேசுகிறான். மதராஸ் துறைமுகத்தில் நிற்கும் கப்பலிலிருந்து பஸ்ஸில் வந்த வெள்ளைக்காரர்கள் பத்துப் பேர் தலையாட்டிக் கேட்கிறார்கள். சுவருக்குக் கிழக்கே, பாயில் பரப்பிய திருக்கைக் கருவாட்டைச் சாக்கால் மூடிவைத்துப் பக்கத்தில் குந்தியிருக்கிறாள் செங்கம்மாள். போன வாரம் இதே வாசலோரம் அவள் காயப்போட்ட நெத்திலியை, வருகிறவர்களுக்கு நாறும் என்று பூட்ஸ் காலால் சேற்றில் தள்ளியவன் அவன். காலையிலிருந்து தரைக்காற்றுதான், நாற்றமெல்லாம் ஏரிப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அவள் அண்ணாந்து வெயிலைப் பார்க்கிறாள். உச்சிக்கு இன்னும் ஒரு சாண். முந்தானை நுனி அசைந்து, சற்றே தொங்கி, மறுபக்கம் பறக்கத் தொடங்குகிறது. கடல்காற்று. அவள் சாக்கை மெதுவாக உருவுகிறாள். தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி பேச்சுக்கு நடுவே மூக்கைப் பொத்துகிறாள். ஒரு கிழவர் இருமுகிறார். காமிராக்கள் உறைக்குள் போகின்றன. கூட்டம் பஸ்ஸை நோக்கி நகர்கிறது. கோதண்டபாணி கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு ஓடி வருகிறான். “அள்ளும்மா அதை, சீக்கிரம்.” செங்கம்மாள் எழுந்திருக்கவில்லை. பாலீஷ் போட்ட அவன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு, ஒரு துண்டைத் திருப்பிப் போடுகிறாள். “நான் வேலையா கீறேன் சார். நீயே தள்ளிடு. உனுக்குத்தான் பழக்கமாச்சே.”